ஒன்றரை பை வரை ஏறிய வளைகோடு

இப்போதெல்லாம் விடைத்தாளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையில் போட்டுத் திருத்துகிறார்களாம். என் பழைய பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் சுதீப்தா போன மாதம் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள் (பெங்காலியில் 'தி' என்றால் அக்கா). "கோமதிதி, தூசி கிடையாது, தும்மல் கிடையாது, கூட்டல் தப்பு வரவே வராது. கம்ப்யூட்டரே கூட்டிவிடும்." நல்லதுதான் என்றேன். கூட்டல் தப்புக்காக நான் வாங்கிய திட்டுகளை நினைத்தால் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டலாம். ஆனால் ஒன்று கேட்டேன். பென்சிலால் வரைந்து ரப்பரால் அழித்த கோடு திரையில் தெரியுமா? அவள் யோசித்துவிட்டு, "தெரியாது. அழித்தது எதற்குத் தெரியவேண்டும்?" என்றாள். எதற்கு என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு தரம் டீ போட வேண்டியதாயிற்று. இதை எழுதுங்கள் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

நான் கல்கத்தாவில், பவானிபூரில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் பெங்காலி, மாடிக் குடித்தனத்தோடு ஹிந்தி, கணக்கு மட்டும் இங்கிலீஷில். எம்.எஸ்ஸி., பி.எட். எல்லாம் முடித்து ஒரு பெண்கள் பள்ளியில் மேல்வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தேன். டீச்சராக நான் செய்ததைப் பற்றி என்னிடம் படித்தவர்கள் சொல்லட்டும், நல்லதாக இருந்தால். நான் சொல்ல வந்தது கோடை விடுமுறையில் செய்த இன்னொரு வேலையைப் பற்றி. போர்டு தேர்வின் விடைத்தாள் திருத்துவது. எந்த போர்டு, எந்த வருஷம் என்று கேட்கக்கூடாது. தொண்ணூறுகளின் கடைசி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மையம் அலிப்பூரில் ஒரு பழைய பள்ளிக்கூடம். ஆள் உயரத்துக்கு மேலே ஆரம்பிக்கும் ஜன்னல்கள், கீச்சென்று சுற்றும் ஃபேன்கள், அதுவும் கரண்ட் இருந்தால். விடைத்தாளின் முன்பக்கத்தில் பெயர் இருக்கும் துண்டைக் கிழித்துவிட்டு ரகசிய எண் போட்டு, ஒரே சென்டரில் எழுதிய தாள்களை ஒரு கட்டாகக் கட்டித் தருவார்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. எங்களுக்குச் சிவப்பு மை, தலைமைத் தேர்வாளருக்குப் பச்சை மை. ஒவ்வொரு படிக்கும் ஓரத்தில் மார்க் போட்டு, வட்டம் போட்டு, முன்பக்கம் கூட்டவேண்டும். பாஸுக்குக் கொஞ்சமாகக் குறைகிற தாளை நாமாகக் கட்டில் சேர்க்கக்கூடாது. எழுந்து போய் தலைமைத் தேர்வாளரின் கையில் கொடுக்கவேண்டும். ஒரு கட்டில் ஒரே மாதிரி விடைகள் திரும்பத் திரும்ப வந்தால் அதையும் சொல்லவேண்டும். சாயங்காலம் போர்டு வேன் வரும்போது எல்லாம் முடிந்திருக்கவேண்டும்.

தலைமைத் தேர்வாளர் சன்யால் ஸார். மெலிந்த மனிதர். வந்தவுடன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் படுக்கவைப்பார். வீட்டிலிருந்து தன் கப்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அதில்தான் டீ குடிப்பார். நாம் திருத்திய தாளைச் சரிபார்க்கும்போது நாம் போட்ட மொத்தத்தை இடது உள்ளங்கையால் மூடிக்கொள்வார். பார்த்துவிட்டால் மனசு அந்தப் பக்கமே போகும் என்பார். முதலிலிருந்து தானே கூட்டி, பெங்காலியில் வாய்விட்டு எண்ணி, கடைசியில்தான் கையை எடுப்பார். இரண்டும் ஒத்துப்போனால் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. ஒத்துப்போகாவிட்டால் சத்தம் போடமாட்டார். எழுந்து நின்றுகொள்வார். அவர் எழுந்தாலே ஹாலில் எல்லோரும் தங்கள் கூட்டலை மறுபடி பார்ப்பார்கள்.

என் முதல் வருஷத்தில் நான் திருத்திய கட்டு முழுவதையும் திருப்பித் தந்தார். தப்பு என்னவென்றால், விடையைப் படித்து முடித்துக் கடைசியில் மொத்தமாக மார்க் போட்டிருந்தேன், படிப்படியாகப் போடவில்லை. "மிஸஸ் சுந்தரம், நீங்கள் எங்கே கொடுத்தீர்கள், எங்கே எடுத்தீர்கள் என்று அந்தப் பிள்ளை வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார். அந்தப் பிள்ளை எப்படி ஸார் வந்து கேட்கும் என்றேன். "கேட்காது. அதனால்தான் சொல்கிறேன்," என்றார். எரிச்சலாக இருந்தது, ஆனால் அன்றிலிருந்து ஒரு படியையும் நான் விட்டதில்லை.

இனி கொஞ்சம் கணக்கு. கணக்கு என்றாலே பக்கத்தைத் திருப்புகிறவர்கள் தயவுசெய்து பொறுக்கவேண்டும். விஷயம் ஒன்றே ஒன்றுதான்.

ஸீக்கன்ட் என்று ஒரு சார்பு உண்டு. கோணத்தைக் கொடுத்தால் எண்ணைத் தரும். நூற்றிருபது டிகிரியைக் கொடுத்தால் மைனஸ் இரண்டு. இருநூற்று நாற்பது டிகிரியைக் கொடுத்தாலும் அதே மைனஸ் இரண்டு. போகும்போது தகராறு இல்லை, திரும்பி வரும்போதுதான் தகராறு. மைனஸ் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்தக் கோணத்துடையது என்று கேட்டால் இரண்டு கோணமும் என்னுடையது என்கிறது. சார்பு என்றால் ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொல்லவேண்டும். ஆகவே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளவேண்டும். எதைத் தள்ளுவது என்பது நாமாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு.

படமாக வரைந்தால் இன்னும் சுலபம். ஸீக்கன்டின் வளைகோடு கிண்ணம் கிண்ணமாக இருக்கும். இன்வர்ஸ் ஸீக்கன்ட் வேண்டுமானால் கிண்ணங்களைப் பக்கவாட்டில் படுக்கவைக்கவேண்டும். இடது பக்கத்துக் கிண்ணம் மைனஸ் ஒன்றுக்கு நேர் மேலே, பை (π, அதாவது நூற்றெண்பது டிகிரி) உயரத்தில் முட்டிக்கொண்டு, இடதுபுறம் வாயைத் திறந்து கிடக்கும். அதன் கீழ்ப் பாதி அரை பையை நோக்கி இறங்கும். மேல் பாதி ஒன்றரை பையை நோக்கி ஏறும். இரண்டில் ஒன்றை ரப்பரால் அழித்துவிடவேண்டும். எங்கள் பாடப்புத்தகம் கீழ்ப் பாதியை வைத்துக்கொள்ளச் சொன்னது. சில பழைய கல்லூரிப் புத்தகங்கள் மேல் பாதியை வைத்துக்கொண்டன. அப்படிச் செய்தால் பின்னால் வகைக்கெழு எடுக்கும்போது ஒரு மாடுலஸ் குறி தேவைப்படாது. இரண்டும் முறைதான். டொமைன், அதாவது உள்ளே போகக்கூடிய எண்கள், இரண்டிலும் ஒன்றே. ரேஞ்ச், அதாவது வெளியே வரும் கோணங்கள், எந்தப் பாதியை வைத்தோமோ அதைப் பொறுத்து மாறும். தமிழ்ப் புத்தகங்களில் இவற்றைச் சார்பகம், வீச்சகம் என்கிறார்கள்.

அந்த வருஷம் கேள்வித்தாளில் இன்வர்ஸ் ஸீக்கன்டின் வரைபடத்தை வரைந்து டொமைனும் ரேஞ்சும் எழுதச் சொல்லியிருந்தார்கள். டொமைனுக்கு ஒன்று, ரேஞ்சுக்கு ஒன்று, படத்துக்கு இரண்டு மார்க். போர்டு கொடுத்த விடைக்குறிப்பில் கீழ்ப் பாதி மட்டும் இருந்தது. மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள். காலையில் ஒரு புதுக் கட்டைப் பிரித்தேன். முதல் தாளிலேயே ரேஞ்ச் ஒன்றரை பை வரை போயிருந்தது. படத்தில் இடது வளைகோடு மேலே ஏறியிருந்தது. பரவாயில்லையே, யாரோ பழைய புத்தகம் படித்த பிள்ளை என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாவது தாளிலும் அதே. அடுத்ததிலும் அதே. கட்டைக் கடைசி வரை புரட்டினேன். எல்லாத் தாளிலும் ஒன்றரை பை. இதற்கு மார்க் உண்டா என்று கேட்பதற்காகத்தான் கட்டைத் தூக்கிக்கொண்டு சன்யால் ஸாரிடம் போனேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதியில் டீ கப்பைத் தள்ளி வைத்தார், மிச்சத்தில் ரேஞ்சை மட்டும் புரட்டினார். பிறகு எழுந்து நின்றார்.

அவர் பேசியது பாதி இங்கிலீஷ், பாதி பெங்காலி. நான் தமிழில் எழுதுகிறேன். "இந்த முறை எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நானே காலேஜில் இப்படித்தான் படித்தேன். ஆனால் இந்தப் பிள்ளைகள் கையில் இருக்கும் புத்தகத்தில் இது இல்லை. புத்தகத்தில் இல்லாத விடை, ஒரு சென்டர் முழுக்க, ஒருவர் விடாமல். தேர்வு ஹாலில் யாரோ பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்."

"அவர்கள் டீச்சர் இப்படி நடத்தியிருக்கலாமே ஸார்?"

"இருக்கலாம். போன வருஷமும் ஒரு கட்டுக்கு இப்படித்தான் சொன்னார்கள். விசாரித்தபோது பலகையில் எழுதிப் போட்டது நிஜம் என்று தெரிந்தது. இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு நான் கையெழுத்துப் போடமுடியாது." கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சிவப்புக் கவரில் போகட்டும். போர்டு பார்த்துக்கொள்ளும்."

சிவப்புக் கவர் என்றால் என்னவென்று எங்களுக்கெல்லாம் தெரியும். அந்தக் கட்டில் இருக்கும் எல்லோருடைய ரிசல்ட்டும் நின்றுவிடும். விசாரணை என்று பெயர். யாரும் அவசரப்பட மாட்டார்கள். போன வருஷத்துக் கட்டின் பிள்ளைகளுக்கு ரிசல்ட் வந்தபோது கல்லூரிச் சேர்க்கை முடிந்து வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. அதில் காப்பியே அடிக்காமல் எழுதிய பிள்ளைகளும் இருந்திருக்கும். அதை யார் பிரித்துப் பார்த்தார்கள்?

என் மேஜைக்குத் திரும்பினேன். பக்கத்து மேஜையில் செல்வராஜ். கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன், பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம், எங்கள் குழுவில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழ் ஆள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"ஏன்க்கா இதை அவராண்ட எடுத்துனு போனீங்க? பேசாம ரேஞ்சுக்கும் படத்துக்கும் முட்டை போட்டுட்டு அடுத்த கட்டைப் பிரிச்சிருக்கலாம். புள்ளைங்களுக்கு மூணு மார்க்கு போயிருக்கும், அவ்ளோதான். இப்ப கேஸ் ஆயிடுச்சு பாருங்க."

"பாத்ததப் பாக்கலன்னு எழுதச் சொல்லுதியா? ரூல் இருக்கே."

"ரூல் இருக்குக்கா. புள்ளைங்களும் இருக்குதுங்களே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவன் சொன்னது சரி என்பதால். சரியான விடைக்கு முட்டை போடுவதும் அக்கிரமம்தான், ஆனால் அது மூன்று மார்க் அக்கிரமம். இப்போது நடக்கப்போவது ஒரு வருஷ அக்கிரமம். அந்தப் பிள்ளைகள் காப்பி அடிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியாது. படங்களைப் பார்த்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது, அவ்வளவுதான். என்னவென்று பிடிபடவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் சன்யால் ஸாரிடம் போய் அந்தக் கட்டை ஒரு முறை கொடுங்கள் என்றேன். கவரை இன்னும் ஒட்டவில்லை. "வேன் வருகிற வரைக்கும்தான்," என்று கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு மேற்கு ஜன்னலுக்குக் கீழே போட்டிருந்த பெஞ்சுக்குப் போனேன். சாய்வான வெயில் தாளில் விழுந்தபோதுதான் உறுத்தியது என்னவென்று தெரிந்தது. வளைகோட்டைச் சுற்றித் தாளில் பள்ளமாகக் கோடுகள். பென்சில் கரி போய்விட்டது, அழுத்தின தடம் போகவில்லை. நான் புரட்டிய தாள்களில் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் ஸீக்கன்டின் கிண்ணங்கள் எல்லாவற்றையும் படுக்கவைத்து முழுசாக வரைந்திருக்கிறது. பிறகு வேண்டாததை எல்லாம் அழித்திருக்கிறது. யாரோ ஒரு டீச்சர் அவர்களைக் கையைப் பிடித்துப் பழக்கியிருக்கிறார்: முதலில் முழுசும் வரை, பிறகு எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய், மற்றதை அழி. நான்கூட வகுப்பில் அப்படி நடத்தினதில்லை. பாதியை மட்டும் பலகையில் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

சன்யால் ஸாரைக் கூப்பிட்டேன். வந்தார். தாளைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். "தேகுன் ஸார், அழித்ததைப் பாருங்கள். காப்பி அடிக்கிறவன் கடைசிப் படத்தை மட்டும்தானே அடிப்பான்? இவ்வளவும் வரைந்து எதற்கு அழிக்கப்போகிறான்?"

கண்ணாடியைக் கழற்றித் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். அடுத்த தாள், அதற்கடுத்தது.

"அழகான வேலை," என்றார். "ஆனால் மிஸஸ் சுந்தரம், பலகையில் போட்டுக் காட்டியவனும் இப்படியே காட்டியிருக்கலாம். முழுசும் வரைந்தான், பாதியை அழித்தான். பிள்ளைகளும் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தார்கள். இது எதையும் நிரூபிக்கவில்லை."

எனக்கு இவர் மேல் கொலைவெறி வந்தது. அவர் சொல்வதில் ஓட்டை இல்லை என்பதுதான் இன்னும் ஆத்திரம். அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கால்பைஷாகி. கல்கத்தாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோடைப் புயல் வந்தால் பட்டப்பகலில் கண்ணெதிரே இருக்கும் ஆள் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த வெளிச்சம் போய்விடும். வெளிச்சம் போனால் தடமும் போச்சு.

"மிச்சத்தையும் பார்த்துவிடுகிறேன் ஸார்," என்றேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் போகாமல் ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் தாள் தாளாகச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பிள்ளை டிகிரியில் குறித்திருந்தது. ஒன்று அச்சுக்கோடே கோணல். ஒன்று புள்ளிக்கோடு போட மறந்திருந்தது. எல்லாவற்றிலும் மேல் பாதி நின்றது, கீழ்ப் பாதி அழிந்திருந்தது. காற்று அடித்துத் தாள்கள் பறக்கப் பார்த்தன. செல்வராஜ் ஓடி வந்து இரண்டு கையாலும் கட்டை அமுக்கிக்கொண்டான்.

கட்டின் அடிப்பக்கம் ஒரு தாள். காலையில் அதில் ரேஞ்ச் ஒன்றரை பை வரை இருந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் புரட்டியிருக்கிறேன். இப்போது படத்தைப் பார்த்தேன். இடது வளைகோடு பையில் ஆரம்பித்துக் கீழே இறங்கியது. சாய்த்துப் பிடித்தேன். மேல் பாதியின் தடம் பளிச்சென்று தெரிந்தது. வரைந்திருக்கிறது, அழுத்தி வரைந்திருக்கிறது, பிறகு அதை அழித்துவிட்டிருக்கிறது. ரேஞ்சில் மேல் பாதியை எழுதிவிட்டுப் படத்தில் கீழ்ப் பாதியை வைத்துக்கொண்டிருக்கிறது. தேர்வுப் பதற்றத்தில் ரப்பர் தப்பான பாதியில் ஓடிவிட்டது.

"ஸார்! இதைப் பாருங்கள். பலகையில் படம் இருந்திருந்தால் இந்தப் பிள்ளை எந்தப் பாதியை அழிப்பது என்று தடுமாறியிருக்குமா? நிமிர்ந்து பார்த்தால் போதுமே! முழுசையும் தானே வரைந்து, தானே முடிவு செய்து, தானே தப்பாக அழித்திருக்கிறது. பலகையில் ஒன்றும் இல்லை ஸார். எல்லாம் அவர்கள் மண்டையில் இருந்து வந்தது."

அவர் தாளை வாங்கினார். முதல் மழைத்துளிகள் ஜன்னல் வழியாகப் பெஞ்சில் விழுந்தன. தாளைத் தன் சட்டையோடு அணைத்துக்கொண்டு உள்பக்கம் நடந்தார். மேஜைக்குப் போய், நிற்காமல், உட்கார்ந்தார். நான் உயிர் வந்து மூச்சு விட்டேன்.

"டீக் ஆச்சே, சரிதான்," என்றார். "கவர் வேண்டாம். ஆனால் மார்க் எப்படிப் போடுவது? விடைக்குறிப்பில் இல்லாததை ஏற்றுக்கொள்கிறேன் என்றால் காரணத்தோடு குறிப்பு எழுதவேண்டும். நாளைக்கு யாராவது இந்த ஓட்டையில் நுழைந்து, படம் ஒன்று விடை ஒன்று என்று எழுதிவிட்டு மார்க் கேட்டால்?"

அவர் மனசு மாறிவிடப் போகிறதே என்ற பயம் எனக்கு. யோசித்து நிதானமாகத்தான் சொன்னேன். "எந்தப் பாதியை எடுத்தாலும் சரி ஸார். ஆனால் எடுத்த பாதியும் எழுதின ரேஞ்சும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் படத்துக்கும் ரேஞ்சுக்கும் மார்க் கிடையாது."

"பொருந்தாவிட்டால் இரண்டுக்கும் கிடையாது?"

"கிடையாது."

"நல்ல விதி," என்றார். மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி, நான் சொன்னதைப் பச்சை மையில் வார்த்தை மாறாமல் எழுதினார். அவர் கையெழுத்துப் போட்டார், கீழே என்னையும் போடச் சொன்னார். செல்வராஜ் என்னைப் பார்த்து, "ஜெயிச்சுட்டீங்கக்கா," என்றான். எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. எலுமிச்சஞ்சாதத்தை நின்றுகொண்டே தின்றேன். அதுபோல ருசி எந்தக் கல்யாணச் சாப்பாட்டிலும் கண்டதில்லை.

மழை விட்டது, கரண்ட் வந்தது. வேன் வருவதற்குள் கட்டை முடிக்கவேண்டும். உற்சாகமாகத் திருத்தினேன். டொமைன் ஒன்று, ரேஞ்ச் ஒன்று, படம் இரண்டு. மற்றக் கேள்விகளிலும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். அந்த முகம் தெரியாத டீச்சரைப் பார்த்தால் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் என்று தோன்றியது. இப்படியே அடித்தாளுக்கு வந்தேன்.

டொமைன் சரி, ஒன்று. ரேஞ்ச் மேல் பாதி, படம் கீழ்ப் பாதி. பொருந்தவில்லை. முட்டை, முட்டை. மற்றக் கேள்விகளைத் திருத்தி முன்பக்கத்துக்கு வந்து கூட்டினேன். மறுபடி கூட்டினேன். பாஸுக்கு இரண்டு மார்க் குறைந்தது.

பிறகு விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன், பார்க்கத் தேவையே இல்லை, எனக்கு மனப்பாடம். போர்டு போட்டிருந்த படம் கீழ்ப் பாதி. இந்தப் பிள்ளை வரைந்திருப்பதும் அதே கீழ்ப் பாதி. நான் வாயைத் திறக்காமல் இருந்து, பழைய குறிப்புப்படி திருத்தியிருந்தால், படத்துக்கு இரண்டு மார்க் முழுசாக வந்திருக்கும். பிள்ளை பாஸ்.

தாளைக் கொண்டுபோய் சன்யால் ஸாரிடம் கொடுத்தேன். மொத்தத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து எண்ணினார். கையை எடுத்தார். ஒத்துப்போயிற்று.

"ஸார், படத்தைப் பாருங்கள். போர்டு குறிப்புப்படி சரி."

"ரேஞ்ச்?"

"நம் குறிப்புப்படி சரி."

"ஒரு தாளுக்கு இரண்டு குறிப்பு கிடையாது, மிஸஸ் சுந்தரம்."

"இந்தத் தாள் இல்லாவிட்டால் அத்தனை பேரும் கவரில் போயிருப்பார்கள் ஸார். நீங்கள்தானே பார்த்தீர்கள்!" என் குரல் உயர்ந்துவிட்டது. ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது, துடைக்கவும் இல்லை.

அவர் எழுந்து நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. "அந்த நன்றிக்கு மார்க் போட்டால், மத்தியானம் நீங்கள் சொன்னதும் பரிதாபத்தில் சொன்னது என்று ஆகிவிடும். அது பரிதாபம் இல்லை. அது சரியான கணக்கு," என்றார். சொல்லிவிட்டு, தாளை மறுபடி முதல் பக்கத்திலிருந்து பிரித்தார். இந்தத் தடவை கூட்டுவதற்கு இல்லை. ஒவ்வொரு விடையாக, அடித்துவிட்ட வரிகளைக்கூட விடாமல், எங்காவது நான் கொடுக்காமல் விட்ட அரை மார்க் கிடைக்குமா என்று தேடினார். நானும் அவர் தோளுக்கு மேலே குனிந்து தேடினேன். வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. கிடைக்கவில்லை. படிப்படியாக மார்க் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்; நான் ஒரு படியையும் விட்டிருக்கவில்லை.

பச்சைப் புள்ளியை அவர் வைத்தார். நான் கட்டைக் கட்டினேன். கிரேஸ் மார்க் போர்டு கொடுத்தால் உண்டு, எங்கள் கையில் இல்லை. அந்த வருஷம் கொடுத்ததாகக் கேள்விப்படவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன். வீட்டில் என்ன ஆயிற்று என்று என் கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

நான் சொன்ன விதி சரியானதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், என் பெண்ணின் தாளாக இருந்தாலும் அதையேதான் போடுவேன். அந்தப் பிள்ளை சரியான பாதியை அழித்திருந்தால் எனக்குக் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. கட்டு மொத்தமும், அதுவும் சேர்த்து, சிவப்புக் கவரில் போயிருக்கும். தப்பாக அழித்ததால் மற்ற எல்லோருக்கும் ரிசல்ட் வந்தது. அத்தனை பேரும் அந்த ஜூனில் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றிருப்பார்கள். அவர்களில் யாருக்கும் தங்கள் கட்டு எங்கே போய்த் திரும்பியது என்று தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அது கையில் வாங்கின தாளில் கணக்கு, ஃபெயில் என்று மட்டும் இருந்திருக்கும். அதைப் பார்த்து வீட்டில் திட்டியிருப்பார்கள்.